பிரித்துக் கொடுத்த புண்ணியம்

மென்பொருள் அலுவலகத்தில் எல்லோரும் தலையாட்டும் யோசனை ஒன்று உண்டு: "இந்தப் பகுதியை மட்டும் தனி லைப்ரரியாகப் பிரித்துவிட்டால் எல்லோருக்கும் உதவுமே!" சொன்னவர் அடுத்த மாதம் வேறு புராஜெக்டில் இருப்பார்.

தனிக் கருவியாக இருக்கும்வரை நிரலுக்குக் கவலையில்லை. பிழை வந்தால் திரையில் நாலு வரி புலம்பிவிட்டு, 'எக்ஸிட்' போட்டுச் செத்துப்போகலாம். லைப்ரரியான பின் அந்த உரிமை போச்சு. தான் செத்தால் கூப்பிட்ட நிரலும் கூடவே சாகும். வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி வாயைத் திறக்காமல், பிழை எண்ணை மட்டும் நீட்டிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும்.

பிரித்தது உண்மையிலேயே ஊருக்கு உதவிய கதையும் உண்டு. ஸ்வீடன் நிரலாளர் டேனியல் ஸ்டென்பெர்க், அரட்டை அறைக்கு நாணய மாற்று விகிதம் எடுத்துத் தரத்தான் ஒரு சின்னக் கருவியில் கைவைத்தார். 1998இல் அது 'கர்ல்' ஆனது. 2000இல் அதிலிருந்து 'லிப்கர்ல்' என்ற லைப்ரரி பிரிந்தது. இன்று போன், டிவி, கார் எல்லாவற்றுக்குள்ளும் அது இருக்கிறது. காரின் திரையில் வரும் உரிமக் குறிப்பில் அவருடைய மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு, வண்டியில் ஏதோ வேலை செய்யவில்லை என்று அவருக்கே முறையிடுகிறார்கள்!

நம் லைப்ரரிகளுக்கு அந்தத் தொல்லை வராது. மறுபயன்பாட்டுக்கென்று பிரித்ததைப் பயன்படுத்துவது, பெரும்பாலும் அது பிரிந்து வந்த அதே கருவி ஒன்றுதான். முன்பு ஒரே இடத்தில் திருத்திய பிழையை, இப்போது லைப்ரரியில் திருத்தி, பதிப்பு எண் ஏற்றி, கருவியிலும் அந்த எண்ணை மாற்றி, இரண்டு பேரிடம் ஒப்புதல் வாங்குகிறோம். இதற்குப் பெயர் முன்னேற்றம்.