லென்ஸ் தெரிதலும் பருப்புப் புடைத்தலும்: ஒரு மறுவாசிப்பு

1. ஆய்வுச் சிக்கல்

எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கியவர் அடுத்து எந்த லென்ஸ் வாங்குவது? பார்வைக்கு எளிய கேள்வி. ஆனால் விஷயம் தெரிந்த ஒருவரிடம் இதைக் கேட்டு, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பதில் பெற்றவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. நான் கேட்டபோது மூன்று டீ ஆயிற்று. முதல் டீ சென்சார் அளவில் போயிற்று. இரண்டாவது, கண்ணாடிப் பூச்சில். மூன்றாவது டீயில் அவர் என்னைப் பார்த்து, "முதல்ல உங்க பார்வை என்னங்கிறதை முடிவு பண்ணுங்க" என்றார். பள்ளி ஆண்டு விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்தபடி, மேடையில் ஆடும் மகளைப் படமெடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன். "அது ரொம்ப மேலோட்டமான அணுகுமுறை" என்றார். டீக்காசை நான்தான் கொடுத்தேன். இவ்வாய்வுக்குக் கிடைத்த முதல் நிதிநல்கை அது, திசைதான் தலைகீழ்.

ஆய்வு எல்லை: எஸ்.எல்.ஆர்., அதாவது உள்ளே ஆடி வைத்த கேமராக்கள் மட்டும். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்த ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன், பெரும்பாலும் ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸோடு உலகம் சுற்றியவர். அவர் கையிலிருந்த லைக்காவில் ஆடி கிடையாது. ஆகவே அவர் எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகிறார். அவர் எடுத்த படங்கள் நன்றாக இருக்கின்றன என்பது இங்கே கருதத்தக்க சான்று அன்று.

2. முன்னாய்வுகள்

50 மி.மீ. லென்ஸ் மனிதக் கண்ணைப் போலப் பார்க்கும் என்பது இத்துறையின் மூலமந்திரம். 36க்கு 24 மி.மீ. படச்சட்டத்தின் மூலைவிட்டம் 43 சொச்சம்; இலக்கணப்படி அதுவே இயல்பான குவியநீளம். மிச்சம் ஏழு மி.மீ. எங்கிருந்து வந்தது என்று தேடினால், முதல் அறிஞர் இரண்டாமவரைக் காட்டுகிறார், இரண்டாமவர் மூன்றாமவரை, மூன்றாமவர் அடக்கத்தோடு முதலாமவரை. போதாக்குறைக்கு, சின்ன சென்சார் வைத்த கேனான் பாடியில் மாட்டினால் அதே 50 பார்வைக்கோணத்தில் 80 ஆகிவிடும். அப்போதும் "அப்படியே கண்ணு மாதிரி" என்கிறார்கள். யாருடைய கண் என்பதில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை (காண்க: கேமராப் பெட்டி, அடிப்பக்கம்).

1990இல் வந்த கேனான் 50 எஃப்/1.8க்குப் பாடியில் பூட்டும் வளையமான மவுண்ட்கூட பிளாஸ்டிக்தான். எல்லா அறிஞர்களும் எல்லாருக்கும் பரிந்துரைக்கும் லென்ஸ் இது. பரிந்துரைத்தவர் எவர் பையிலும் இதை நான் கண்டதில்லை.

3. வலஞ்சுழி, இடஞ்சுழி

முன்னாலிருந்து பார்க்கையில், கேனான் லென்ஸ் கடிகாரம் சுற்றும் பக்கம் திருகினால் பூட்டும், நிக்கான் எதிர்ப்பக்கம். முன்னவரை வலஞ்சுழியார் என்றும் பின்னவரை இடஞ்சுழியார் என்றும் வழங்குவோம். இடஞ்சுழியார் 1959இல் எஃப் மவுண்ட்டைக் கண்டு, எஸ்.எல்.ஆரைப் பொறுத்தவரை அந்த வளையத்தை மாற்றவே இல்லை என்று மார்தட்டுவர். வலஞ்சுழியாரோ 1987இல் எஃப்.டி. மவுண்ட்டைக் கைகழுவி, இ.எஃப். என்று புதுக் கோத்திரம் கண்டவர்கள். பழைய லென்ஸ் வைத்திருந்தோர் நடுத்தெருவில் நின்றனர்.

கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்கிற சண்டைக்கு ஈடாக இவர்கள் மோதிக்கொண்டாலும், சம்பந்தம் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. மவுண்ட்டிலிருந்து சென்சார்வரை நிக்கானில் 46.5 மி.மீ.; கேனானில் 44. அந்த இரண்டரை மி.மீ. இடைவெளிக்கு ஒரு வளையம் போட்டால் நிக்கான் பெண் கேனான் வீட்டில் வாழ்க்கைப்படலாம். கேனான் பெண் நிக்கான் வீட்டுக்குப் போனாலோ தூரத்துப் பொருள் எதுவும் துலங்காது. பிறந்த வீடே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கொள்வினை உண்டு, கொடுப்பினை இல்லை.

4. திணைப் பகுப்பு

எதையும் ஐந்திணையில் அடைக்காத கட்டுரைக்கு நம் துறைகளில் மதிப்பெண் கிடையாது என்பதால் அதையும் செய்துவிடுவோம்.

மேக்ரோ குறிஞ்சி, நெருக்கமே அதன் உரிப்பொருள். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ் முல்லை. அடுத்தது வரும்வரை ஆற்றியிருத்தல். டெலி பாலை. வைட் நெய்தல், குழுப்படத்தின் ஓரத்தில் நின்று முகம் அகன்றுபோன அத்தையின் இரங்கல் அதற்குப் பொருள். விலை வீட்டில் தெரிந்தபின் எல்லா லென்ஸும் மருதம். கடையின் கண்ணாடி அலமாரிக்குள் நிற்கும் வெள்ளை நிற லென்ஸ் கைக்கிளை. ஃபிஷ் ஐ, திணைமயக்கம்.

85 மி.மீ. மட்டும் சற்று நின்று பார்க்கத்தக்கது. கல்யாணப் படமெடுக்கும் தம்பி ஒருவரைக் களத்தில் சந்தித்தபோது, "அண்ணே, 85 போட்டு 1.4ல தொறந்துட்டீங்கன்னா பின்னாடி பால்கோவா மாதிரி இருக்கும்ணே" என்றார். இந்தப் பால்கோவாவுக்கு ஜப்பானியத்தில் மங்கல் என்றே பெயர். ஆங்கிலத்தார் 1997வாக்கில் அச்சொல்லின் வாலில் ஒரு எழுத்தைக் கூட்டி 'பொக்கே' என்று ஆக்கி, அதற்கு விலையும் வைத்தனர். கணக்குப்படி, இரண்டு மீட்டர் தூரத்தில் 1.4இல் திறந்த 85க்குத் துலங்கும் ஆழம் 5 செ.மீ.கூடத் தேறாது. மணப்பெண்ணின் மூக்குத்தி துலங்கினால் ஜிமிக்கி மங்கும். பின்னால் நின்றது தாய்மாமனா தூணா என்பது இன்றளவும் முடிவாகவில்லை (காண்க: என் மைத்துனன் கல்யாண ஆல்பம், தாள் 14, வலமிருந்து மூன்றாவது மங்கல், அது தாம்தான் என்று மாமா தரப்பும், தூண்தான் என்று ஆல்பம் போட்டவர் தரப்பும் வாதிடுகின்றன). 'மங்கல விழா' என்ற தொடர் இதனின்றே பிறந்தது என்பாரும் உளர். அவரை நான் ஒப்பவில்லை. ஆனால் சொன்னவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், என் பெரியப்பா, ஆகவே பதிவு செய்கிறேன்.

5. பருப்பு

இவ்வாய்வின் மையத்துக்கு வருகிறோம். லென்ஸ் என்பது லத்தீன் சொல். பொருள்: மைசூர் பருப்பு. இதை நான் கட்டிவிடவில்லை. இருபுறமும் உப்பிய கண்ணாடி வில்லை அந்தப் பருப்பைப் போல் இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. தாவரவியலார் இன்றும் அந்தச் செடியை 'லென்ஸ் குலினாரிஸ்' என்றே எழுதுகின்றனர். சமையலறைக்குரிய லென்ஸ் என்று பொருள். தோலோடு இருக்கும் முழுசு, இருபுறக் குவி. உடைத்த பருப்பு, ஒருபுறம் தட்டை, மறுபுறம் குவி. ஒளியியல் பாடத்தின் முதல் இரண்டு படங்கள் மளிகைக் கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கின்றன.

ஆகவே லென்ஸ் தெரிதல் பருப்பு வாங்குதலின் கிளைத்துறை. இதுவே என் கருதுகோள். பயனீட்டாளர்கள் இதை மறந்ததற்குக் காரணம், லென்ஸ் வாங்குவோர் பருப்பு வாங்குவதில்லை. பருப்பு வாங்குவோரிடம் யாரும் லென்ஸைப் பற்றிக் கருத்துக் கேட்பதில்லை.

என் அப்பாயி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பருப்புப் பார்ப்பவர். முறத்திலிட்டுப் புடைத்தல், கொழித்தல், கல் பொறுக்கல், பிறகு ஒரு கை அள்ளி வாசல் வெளிச்சத்தில் காட்டி வண்டு தேடல். பழைய லென்ஸ் வாங்குவோர் செய்வதும் இதுவே. பின்புறமிருந்து டார்ச் அடித்து உள்ளே தூசு உண்டா, பூஞ்சை நூல் படர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். காதருகே வைத்து ஆட்டி உள்ளே ஏதும் உருளுகிறதா என்று கேட்கிறார்கள். இது தேங்காய்க்கு உரிய சோதனை, பருப்பியலில் இடைச்செருகல்.

சேமிப்பிலும் இவ்வொற்றுமை தொடர்கிறது. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் சென்னையில் பையோடு மூடிவைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பிடித்தால் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். அதற்குச் சிலிகா ஜெல் போடுவர். பருப்பில் வண்டு வராமலிருக்கக் காய்ந்த மிளகாய் போடுவர். இவ்விரண்டையும் நான் இடம் மாற்றிச் சோதித்தேன். லென்ஸ் பையில் போட்ட மிளகாயின் விளைவை என் கண்கள் மூன்று நாள் அனுபவித்தன. மறுசோதனை வீட்டாரால் தடுக்கப்பட்டது.

பூச்சைப் பற்றி ஒரு முன்னுரிமைச் சிக்கல். ஒளி தெறித்துச் சிதறாமலிருக்க லென்ஸுக்கு மெல்லிய பூச்சிடும் முறையை 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் கண்டனர். நம் வீடுகளிலோ துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பது வழிவழி வந்த வழக்கம். எதிலும் தமிழனே முந்தியவன் என்று நிறுவ இதைவிடக் குறைந்த சான்றோடு மாநாடுகள் கூட்டப்பட்டிருக்கின்றன என்பதை மட்டும் பணிவோடு சுட்டி அமைகிறேன்.

இனிச் சொல்லாராய்ச்சி. 1.4, 2, 2.8, 4, 5.6 என்று போகும் எண்களில் ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகும். எண் சிறுத்தால் துவாரம் பெருக்கும். ஒளியை நிறைய விடும் இத்தகைய லென்ஸை 'வேகமான லென்ஸ்' என்பர். லென்ஸ் ஓடுவதில்லை, பிறகு வேகம் எப்படி வந்தது? 'வேகு' என்னும் வினையிலிருந்தே வந்தது என்று இங்கு முதன்முறையாக நிறுவப்படுகிறது. சீக்கிரம் வேகும் பருப்பே வேகமான பருப்பு. வடமொழியார் இச்சொல்லுக்கு உரிமை கொண்டாடுவர். அவர்கள் பருப்பு வேகவைத்ததற்குச் சான்று கேட்கலாம் (காண்க: மளிகை லிஸ்ட், கார்த்திகை மாதக் கைப்பிரதி, குளிர்சாதனப் பெட்டிக் கதவுப் படி. எண்ணெய் பட்டு நான்காம் வரி சிதைந்துள்ளது. 'மை.ப. 1/2' என்பதை 'மை.லெ. 1/2' என்று பாடங்கொண்டு, மைசூரில் அரை லென்ஸ் விற்கப்பட்டதாக வாதிட இடமுண்டு. பால்காரர் கையெழுத்து பிற்காலத்தது. மூலப்படியை எழுதியவர் அதைப் பார்க்க அனுமதிப்பதில்லை, நான் பார்த்தது இரவில், டார்ச் ஒளியில்).

கிட் லென்ஸ் 18இல் 3.5 என்று தொடங்கி 55க்கு இழுக்கையில் 5.6 ஆகிவிடும். அதாவது கிட்டே போகப்போக ஒளி பாதிக்கும் கீழே இறங்கும். ஒரே குக்கரில் பாதிப் பருப்பு வெந்து பாதி வேகாமல் நிற்கும் நிலை இது.

6. களஆய்வு

லென்ஸின் கூர்மையைச் சோதிக்கச் செங்கல் சுவரைப் படமெடுப்பது மரபு. எங்கள் பக்கத்து வீட்டுச் சுவர் பூசாமல் விடப்பட்டது. இத்தகைய மூலச்சான்று எல்லா ஆய்வாளருக்கும் வாய்ப்பதில்லை. மொட்டைமாடியில் முக்காலி போட்டு, இரவல் வாங்கிய லென்ஸ்கள் உட்பட ஒவ்வொன்றையும் ஒவ்வொரு துவார எண்ணிலும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்தேன். முழுத் திறப்பில் ஓரச் செங்கற்கள் சற்றுக் கரைந்தும், இரண்டு படி மூடியதும் காரை இடுக்கு எண்ணும் அளவுக்குத் தெளிந்தும் வந்தன. இது எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் கிடைக்கும் முடிவு. ஆனால் அது புத்தகத்தில் இருந்தது, இது என்னுடையது.

ஐந்தாம் ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரர் மேலேறி வந்தார். "சார், எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். அரை அடிதான் தள்ளிக் கட்டியிருக்கேன். அதுக்குப் போய் வாராவாரம் போட்டோ எடுத்து..." நான் காரணத்தை விளக்கினேன். செங்கல்லின் கூர்மையைப் பார்க்கிறேன் என்று ஒருவன் சொன்னால் நம்பும் மனிதரா அவர்? அந்த வாரமே ஆள் வைத்துச் சுவரைப் பூசி, இளம்பச்சை அடித்துவிட்டார். மூலச்சுவடி அழிந்தது. இனி என் முடிவுகளைச் சரிபார்க்கவோ மறுக்கவோ எவராலும் இயலாது. ஆய்வுலகில் பலர் ஆயுள் முழுக்க உழைத்தும் எட்ட முடியாத பாதுகாப்பு இது.

7. நிதிநல்கைக் கோரிக்கை

பள்ளி ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் இருந்தது. கடைசி வரிசை, மங்கிய மேடை விளக்கு, ஓயாமல் ஆடும் குழந்தை என்று மூன்றையும் கணக்கிட்டு, 70-200 மி.மீ., எஃப்/2.8 லென்ஸே பொருந்தும் என்று முடிவு கண்டேன். கோரிக்கையை வீட்டின் நிதிக்குழு முன் வாய்மொழியாக வைத்தேன். குழுவின் ஒரே உறுப்பினர் அப்போது முறத்தில் பருப்பு பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பொருத்தம் என்னை மெய்சிலிர்க்க வைத்தது. துறை, கோட்பாடு, சுவர், மூலச்சுவடி அழிந்த துயரம் என்று அனைத்தையும் எடுத்துரைத்தேன். கேட்டுவிட்டு, முறத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னார்:

"ஏங்க, உங்க பருப்பு இங்க வேகாது."

இத்தொடரை மறுப்பாகக் கொள்வது மேலோட்டமான வாசிப்பு. பருப்பு, லென்ஸ். வேகாது, வேகம் போதாது. அதாவது எஃப்/2.8 அந்த மேடை விளக்குக்குத் தாங்காது என்கிறார். என் கோட்பாட்டை ஏற்றுப் பயன்படுத்திய முதல் அறிஞர் அவரே. கருத்தைத் தலைமேற்கொண்டு, 200 மி.மீ., எஃப்/2 என்று கோரிக்கையைத் திருத்தியிருக்கிறேன். கேனானில் அதன் எடை 2,520 கிராம். மளிகை லிஸ்டில் பருப்புக்கு நேராக 'இரண்டரை கிலோ' என்று குறித்துவைத்துவிட்டேன்.