கால் எட்டாத வண்டி: கூரம் வட்டாரச் சைக்கிள் அளவியல் குறித்து ஓர் ஆய்வு

ஆளுக்குத் தக்கபடி சைக்கிள் அமைய வேண்டுமா, சைக்கிளுக்குத் தக்கபடி ஆள் வளர வேண்டுமா என்ற கேள்விக்கு உலகில் இரண்டு விடைகள் உண்டு. முதல் விடை ஐரோப்பியருடையது. இரண்டாவது, காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், அதன் சுற்றுப்பட்டு, பொதுவாகத் தமிழ்நாடு முழுவதற்கும் உரியது. முதல் விடையை விளக்க நூல்கள் இருக்கின்றன. இரண்டாவதற்கு முழங்கால் தழும்புகள்தான் இருக்கின்றன. தழும்பும் ஒருவகைக் கல்வெட்டே என்ற துணிவில் இந்த ஆய்வு தொடங்குகிறது.

ஆய்வுக்களமாக ஏன் கூரம்? ஆய்வு என்றால் செப்பேடு ஒன்றாவது வேண்டும், கூரத்தில் அது இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த கூரம் செப்பேடு, ஊரில் எழுந்த சிவன் கோயிலைச் சொல்கிறது, ஏரியைச் சொல்கிறது, மண்டபத்தில் பாரதம் வாசிக்கச் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறது. சைக்கிளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்த மௌனம் ஆய்வாளரைத் தளர்த்தவில்லை. சான்று இல்லாத இடத்தில்தான் கருதுகோளுக்குக் காலாற இடம் கிடைக்கும்.

மேலும், கூரத்து நடராசர் இருக்கிறார். பல்லவர் காலத்து அந்தச் செப்புத் திருமேனி இப்போது சென்னை அரசு அருங்காட்சியகத்தில். சோழர் நடராசரைப் போலக் காலைக் குறுக்கே வீசாமல், முழங்காலை மேலே தூக்கி நிற்கும் ஊர்த்துவஜானுக் கோலம். பெடல் உச்சிக்கு வரும்போது மிதிப்பவரின் கால் எங்கே நிற்குமோ ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது. ஆய்வாளர் கோணமானியோடு அருங்காட்சியகத்துக்குப் போய் அளக்கவில்லை. காவலரின் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு.

இனி ஐரோப்பிய மரபு. ரேஸ் சைக்கிளுக்கு அளவெடுப்பவர்கள் ஆளின் உயரத்தை மட்டும் கேட்டுவிட்டு விடுவதில்லை. காலின் உட்புற நீளம் வேண்டும் என்பார்கள். செருப்பைக் கழற்றிச் சுவரோடு ஒட்டி நின்று, தடித்த புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே முதுகு மேலே தெரியும்படி வைத்து, சீட்டு அழுத்துவது போல மேலே அழுத்தி, அது சுவரைத் தொடும் இடத்தில் பென்சில் கோடு போட வேண்டும். கோட்டிலிருந்து தரை வரை எத்தனை சென்டிமீட்டரோ, அதை 0.883 ஆல் பெருக்கினால் பெடல்தண்டு சுழலும் அச்சிலிருந்து சீட்டின் மேல்மட்டம் வரை உள்ள உயரம் வரும். 0.65 ஆல் பெருக்கினால் பிரேமின் அளவு. பயிற்சியாளர் சிரில் கிமார், அவரிடம் தேறிய கிரெக் லெமாண்ட் ஆகிய இருவர் பெயரோடும் சேர்த்துச் சொல்லப்படும் வாய்பாடு இது. லெமாண்ட் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை 1986, 1989, 1990 என மூன்று முறை வென்றவர். அதில் 1989இல் வென்றது வெறும் 8 வினாடியில். மூன்று தசம இடம் வரை பெருக்கிப் பார்க்க அவருக்கு நியாயம் இருந்தது. புத்தகத்தைப் பொறுத்தவரை, இந்த வட்டாரத்தில் கோனார் தமிழ் உரைக்குப் போதிய தடிமன் இருப்பதாக ஆய்வு காண்கிறது.

இந்த வாய்பாட்டை ஊர் வண்டியின் மேல் போட்டுப் பார்த்தபோதுதான் வில்லங்கம் வெளிப்பட்டது. ஐந்தரை அடி ஆளின் கால் ஏறத்தாழ 77 செ.மீ. இருக்கும் என்று வைத்தால், அவருக்குரிய பிரேம் 50 செ.மீ., அதாவது 20 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. பால்காரர், போஸ்ட்மேன், வாத்தியார் என்று ஊரே ஏறிய கறுப்பு வண்டியின் பிரேமோ 22 அங்குலம். 24 அங்குலமும் உண்டு. கணக்கைத் திருப்பிப் போட்டால் 22 அங்குல பிரேமுக்கு 86 செ.மீ. கால் வேண்டும், ஆள் ஆறடிக்கு மேல். 24 அங்குலத்துக்கு 94 செ.மீ. கால், ஆள் ஆறரை அடிக்கும் மேல். (பிரேமை எங்கிருந்து எங்கே அளப்பது என்பதில் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு உண்டு. முடிவுக்கு இடைஞ்சலாக இருப்பதால் ஆய்வு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.) 1949இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் வண்டிகளில் ஒன்றுக்கு ஹெர்குலிஸ் என்று பெயர். வாங்குகிறவரின் உடல்வாகு குறித்து எல்லாருக்கும் நல்லெண்ணம் இருந்த காலம் அது.

ஊர் இதற்கு வாய்பாடு எழுதவில்லை, பின்னம் எழுதியது. வாடகை சைக்கிள் கடையில் வண்டிகள் வரிசையாக நிற்கும்: கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி, பெரிய வண்டி. அங்குலமும் இல்லை, சென்டிமீட்டரும் இல்லை. பெரிய வண்டிதான் முழுமுதல், மற்றவை அதன் கூறுகள். முந்திரி என்று 320இல் ஒரு பங்குக்கும் பெயர் வைத்த மொழிக்கு இது இயல்பு. மாகாணி வண்டி ஏன் வரவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது. அரை வண்டி எப்போதும் வேறொருவன் எடுத்துப் போயிருப்பான் என்பது மட்டும் எல்லாத் தகவலாளர்களும் ஒருமித்துச் சொன்னது.

அரை வண்டி கிடைக்காதவனுக்குத்தான் குரங்குப் பெடல்.

இதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். அப்பாவின் வண்டி. பார் பையனின் நெஞ்சுக்கு வருகிறது. இடது கை ஹேண்டில்பாரில், வலது கை பாரை அணைத்து அக்குளில் இடுக்கியிருக்கிறது, அல்லது சீட்டைப் பிடித்திருக்கிறது. இடது கால் இடப்பக்கப் பெடலில். வலது காலை பாருக்குக் கீழே, பிரேமின் முக்கோணத்துக்குள் நுழைத்து வலப்பக்கப் பெடலை மிதிக்கிறான். உடம்பு முழுவதும் வண்டிக்கு இடப்பக்கம் தொங்குகிறது. அதனால் வண்டியை வலப்பக்கம் சாய்த்தாக வேண்டும். இரண்டின் எடையும் சேர்ந்து டயருக்கு நேர்மேலே விழுந்தால்தான் வண்டி நிற்கும். பௌதிக வாத்தியார் இதை எட்டாம் வகுப்பில் நடத்துவார்; பையன் நான்காம் வகுப்பிலேயே முடித்துவிடுகிறான். முதல் நாள் பெடல் முழுச்சுற்று வராது, பாதி மிதித்துப் பாதி பின்னால் தட்டும் அரைப் பெடல்தான். வலது கெண்டைக்காலில் செயின் மசி கோடு கோடாக அப்பியிருக்கும். அம்மா அடிப்பது அந்தக் கறைக்காகத்தான், விழுந்ததற்காக அல்ல.

வடக்கே இதே வித்தைக்குக் ‘கைஞ்சி’, அதாவது கத்தரிக்கோல் என்று பெயர். அவர்கள் காலைப் பார்த்தார்கள், நம்மவர்கள் ஆளைப் பார்த்தார்கள். 2024இல் கமலக்கண்ணன் இயக்கத்தில் ‘குரங்கு பெடல்’ என்றே ஒரு திரைப்படம் வந்தது. ராசி அழகப்பனின் கதையை ஒட்டியது.

இந்த வழக்கத்துக்குச் சட்ட ஆதாரம் உண்டா? உண்டு, அதுவும் இதே மாவட்டத்து உத்திரமேரூரில். பராந்தக சோழனின் 921ஆம் ஆண்டுக் குடவோலைக் கல்வெட்டு, சபை உறுப்பினருக்கு வயது 35க்கு மேல் 70க்குள் என்கிறது. இறை கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும் என்கிறது. நிலம் குறைந்தவர் என்ன செய்வார்? அரைக்கால் வேலிதான் என்றாலும் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் விளக்க வல்லவரானால் அவர் பெயரும் குடத்தில் விழும். அளவு பாதியானால் வித்தை அதை ஈடுகட்டலாம் என்பது சோழர் காலத்திலேயே எழுத்தில் ஏறிய விதி. பிரேமுக்குள் கால் விட்ட பையன் இந்த விதியின் கீழ்தான் வருகிறான். இதை மறுக்கும் கல்வெட்டு இன்றுவரை கிடைக்கவில்லை.

புது வண்டி வாங்கும்போதும் இதே தத்துவம்தான். கடையில் அப்பா, பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு.

“அண்ணா, தம்பிக்கு இருபது இஞ்ச் சரியா இருக்கும்ணா.”

“வளர்ற புள்ளப்பா. ரெண்டு வருசத்துல சின்னதாப் பூடும். பெரிசாவே குடு.”

“கால் எட்டாதே.”

“சீட்டை எறக்கு.”

பள்ளிச் சட்டையை இரண்டு விரல் பெரிதாகத் தைப்பதும் இந்தக் கோட்பாட்டின் வழிதான். 0.883 இங்கே தோற்றுப்போகிறது, ஏனென்றால் அந்த வாய்பாட்டில் வருங்காலத்துக்கு இடமில்லை.

பார் என்னும் உறுப்பு பற்றியும் ஒரு குறிப்பு வேண்டும். சேலையும் பாவாடையும் தடுக்காமலிருக்க பாரை எடுத்துவிட்டுச் செய்தது லேடீஸ் சைக்கிள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது; ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். அங்கே போய் எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார்: பார் வைத்த வண்டியே மேல் என்ற பெண்களும் இருந்தார்கள், அதில் குழந்தையை உட்கார வைக்கலாமே! பிரேமின் வடிவம் குறித்து ஐரோப்பியர் எழுதிய எதிலும் இடுப்புக் குழந்தை ஒரு மாறியாக வந்ததாகத் தெரியவில்லை.

எடைக்கு வருவோம். பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று உலக சைக்கிள் சங்கம் 2000இலிருந்து விதி வைத்திருக்கிறது. அதை எட்டிப் பிடிக்க நூறு கிராம் குறைத்தால் சில ஆயிரம் ரூபாய் கூடும். ஊர்க் கறுப்பு வண்டி அதைப் போல மூன்று மடங்கு, கேரியரில் ஏறுவது கணக்கில் சேராமல். எடைக்குறைப்பின் முன்னோடியைத் தேடினால் மறுபடியும் கூரத்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. பெருஞ்செல்வரான வைணவ ஆசாரியர் கூரத்தாழ்வான் எல்லாவற்றையும் விட்டுத் திருவரங்கத்துக்கு நடந்தபோது, காட்டு வழியில் மனைவி ஆண்டாள் பயப்பட்டாராம். காரணம், ஆழ்வான் நீர் அருந்தவென்று மடியில் எடுத்துவந்த ஒரு பொன் வட்டில். வாங்கி வீசிவிட்டு நடந்தார் என்கிறது குருபரம்பரை. மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை. தண்ணீர்ப் பாத்திரத்திலேயே எடையைக் குறைத்த முதல் பயணி அவர்தான். இப்போது அதே வேலைக்குக் கார்பனில் பாட்டில் தாங்கி விற்கிறார்கள்.

உடல் தகுதி விஷயத்தில் இந்த வட்டாரத்துக்கு ஒரு குறை உண்டு: மலை இல்லை. மேடு என்றால் ஏரிக்கரை ஏற்றம்தான். அந்தக் குறையை ஆடி மாதம் தீர்த்துவைக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும்; அதை வெல்லத் தேவையான திறன் மும்மடியாக ஏறும். வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு மிதிக்க வேண்டும். மேல்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு காஞ்சியிலிருந்து கூரம் திரும்புகிறவருக்கு ஆல்ப்ஸ் தேவையில்லை. நெடுந்தூர ஓட்டக்காரர்களின் ‘பிரெவே’ பயணத்தில் 200 கி.மீ.க்கு 13½ மணி நேரம் கெடு. நிற்பது, தின்பது எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இது ஏறத்தாழ பால்காரரின் வேகம். அவர் இருபக்கமும் கேனைத் தொங்கவிட்டு, தளும்பாமல், வீட்டுக்கு வீடு மணி அடித்துக்கொண்டு போகிறார். பதக்கம் ஏதும் கேட்கவில்லை, பாக்கியைத்தான் கேட்கிறார்.

உடையிலும் இரு மரபு. பந்தயத்தில் காலுறை கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே பாதி உயரத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதை அளக்க நடுவர்களிடம் கருவியே உண்டு. வேட்டியை எவ்வளவு உயர்த்தி மடித்துக் கட்டலாம் என்பதற்கு ஊரில் கருவி இல்லை. எதிரே வருகிற பெரியவர்தான் அளவு. பேன்ட் போட்டவர் செயினில் மாட்டாமலிருக்க ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்வார். உட்காரும் இடத்துக்கு ஐரோப்பியர் டவுசருக்குள் மெத்தை தைத்தார்கள், ஊரில் சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வைத்தார்கள். மெத்தையை ஆள் சுமப்பதா, வண்டி சுமப்பதா என்பதில் ஆய்வாளர் வண்டியின் பக்கம்.

இரண்டு மரபும் நேருக்கு நேர் சந்திப்பது ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னையிலிருந்து கிளம்பியவர்கள் நெடுஞ்சாலை ஓரம் டீ குடிக்க இறங்கும்போது. பெஞ்சில் இருப்பவர்கள் முதலில் வண்டியை ஒரு விரலால் தூக்கிப் பார்ப்பார்கள். பிறகு விலை கேட்பார்கள். பிறகு சிறிது நேரம் யாரும் பேசமாட்டார்கள். “இம்மாம் பணம் வாங்கிக்கினு ஒரு ஸ்டாண்டு கூட வெக்கலியா?” என்பார் ஒருவர். கேரியர், மட்கார்டு, டைனமோ என்று விசாரணை நீளும். வண்டி புளியமரத்தில் சாய்ந்திருக்கும். அரை டவுசர் பையன் ஒருவன் மட்டும் எட்ட நின்று, பின்பக்கம் தாழ்ந்து சரியும் பாரையும், முக்கோணத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு தண்ணீர் பாட்டிலையும் மாறி மாறிப் பார்ப்பான்.

“இதுல காலை எங்கண்ணா உடறது?”