புனைநண்பனியல்

மாணாக்க, கேள். எச்.ஐ.வி. ஆய்வும் ஆற்றுப்படுத்தலும் நடக்கும் நம்பிக்கை மையத்தில் ஆற்றுப்படுத்துநருக்கு எதிரே ஒருவர் வந்து அமர்ந்து, நாற்காலியைச் சற்றே பின்னுக்கு இழுத்து, "எனக்கு இல்ல மேடம், என் ஃபிரண்டு ஒருத்தன்..." என்று தொடங்கும் நொடியில் பிறப்பவன் எவனோ அவனே புனைநண்பன். அவனுக்கு ஊர் உண்டு, தெரு இல்லை. அகவை உண்டு, அது சொல்பவர் அகவையோடு ஒத்திருக்கும். கைப்பேசி எண் மட்டும் ஒருபோதும் இராது. எச்.ஐ.வி. தடுப்பிலும் மருத்துவத்திலும் பணிபுரியப் புகுவோர் நச்சுயிரியின் கட்டமைப்பைக் கற்குமுன் இவனைக் கற்றல் வேண்டும். நச்சுயிரி நாற்காலியில் வந்து அமர்வதில்லை.

முதற்கண் தோற்றம். 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவர் மாணவி நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் குருதி திரட்டினார். அது வேலூரில் ஆய்வுக்குட்பட, இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாக வெளிப்பட்டது. அந்நாளில் புனைநண்பன் இலன். நோயின் பெயரையே ஊர் அறியாதபோது யாரை முன்னிறுத்தி எதை மறைப்பது? பெயர் பரவியபின் பழி பரவிற்று. பழி பரவியபின் இவன் பிறந்தான். இவ்வினத்தின் தலைமகன் புள்ளிராசா. 2000-களின் தொடக்கத்தில் தமிழகச் சுவர்களில் விழிப்புணர்வு விளம்பரமாகப் "புள்ளிராசாவுக்கு எய்ட்சு வருமா?" என்னும் வினா எழுந்தது. நாடே கூடி ஒருவனைச் சுட்டி வினவியது. தம்மைப் பற்றி எவரும் வினவினாரிலர். இவனைப் பெரும்புனைநண்பன் என்க.

இனி வகை. கொண்டுவரும் வினாவை நோக்கப் புனைநண்பன் நால்வகைப்படுவான்: கடியுண்டோன், நேற்றையோன், மணவினையோன், மாத்திரையோன்.

கடியுண்டோன் என்பான் கொசுக்கடியன், மழிதகட்டன், குவளையன் என மூன்று உட்பிரிவு உடையவன். கொசுவின் உடலில் இந்நச்சுயிரி பெருகாது, கொசு இதனைப் பரப்பாது. பிறர் குடித்த குவளையாலும் தொற்றாது. முடிதிருத்துவோரிடம் புதுத்தகடு கேட்பது எப்போதும் நன்று. இவ்வகைக்கு இவ்வளவே போதும், இவன் அடுத்தவனுக்குக் கட்டியம் கூற வந்தவன் ஆதலின். கொசுவைப் பற்றி அரைமணிப் பொழுது ஐயுற்றவர் விடைபெற்று எழுந்து, கதவுப்பிடியில் கைவைத்தபடி, "அப்புறம் இன்னொன்னு மேடம்" என்பார். அதற்கு வாயில்வினா என்று பெயர். ஆற்றுப்படுத்துநர் அதுவரை குறிப்பேட்டில் எழுதியவற்றை அடித்துவிடலாம்.

நேற்றையோனே இத்துறையின் உயிர்நாடி. இவனைப் பொழுதால் பகுக்க. தொற்றக்கூடிய நிகழ்வு நடந்து 72 மணிக்கு உட்பட்டோன் விரைவோன்: தொற்றைத் தடுக்கும் மருந்தை அதற்குள் தொடங்கி 28 நாள் உண்ணலாம், எவ்வளவு முந்துகிறானோ அவ்வளவு நன்று. ஆகவே, "உண்மையில் யார் அந்த நண்பர்?" என்று துருவி ஆற்றுப்படுத்துநர் கழிக்கும் ஒவ்வொரு மணியும் நண்பனின் கணக்கிலிருந்து கழிகிறது. 72 மணி கடந்து மூன்று திங்களுக்கு உட்பட்டோன் சாளரத்தான்: உடல் எதிர்ப்பொருளைப் போதிய அளவு உண்டாக்குமுன் ஆய்வு செய்தால், தொற்று இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும், இவன் மறுபடியும் வருதல் வேண்டும். மூன்று திங்கள் கடந்தோன் தெளிவோன்.

இம்மூவர்க்கும் பொதுவான இடர்ப்பாடு ஒன்று உண்டு. புனைநண்பனுக்கு வினா உண்டு, விரல் இல்லை. "அவர வரச் சொல்லுங்க, டெஸ்ட் எடுத்துரலாம்" என்று கூறிய அளவில், வந்தவர் மேசைமேல் கிடக்கும் ஒப்புதல் படிவத்தைப் பார்ப்பார். அதன் ஓரத்தைச் சுருட்டுவார், சுருட்டியதை நீவுவார். பின்பு, "அவன் வெளியூர்ல இருக்கான் மேடம். எனக்கு எடுத்துப் பாத்துட்டு அவன்கிட்டச் சொல்லிடுறேன்" என்பார். இது குருதிப்பெயர்ச்சி எனப்படும். நன்கு பயின்ற ஆற்றுப்படுத்துநர் இவ்விடத்தில் நகையார். "சரிங்க, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்பதே அவர் கூறத்தக்கது. நகைத்தவர் வேறு துறையில் வேலை தேடுவாராக.

ஆய்வக நுட்பநருக்குப் புனைநண்பனைத் தெரியாது. நீட்டிய கை யாருடையதோ அவரே அவருக்கு ஆள். முதலாய்வு தொற்று உண்டெனக் காட்டின், வேறுபட்ட இரு கருவிகளால் மேலும் இருமுறை ஆய்ந்து, மூன்றும் ஒத்த பின்னரே உறுதி கூறுவர். மும்முறை கேட்டுத் தெளியும் உரிமை நுட்பநர்க்கே உரியது. ஆற்றுப்படுத்துநர் ஒருமுறையும் கேட்டல் ஆகாது.

மணவினையோன் தொற்றோடு வாழ்பவன். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறான் மேடம். கல்யாணம் பண்ணிக்கலாமா?" இவ்வினாவுக்கு விடை காணவே பேராய்வு ஒன்று நடந்தது. ஒருவர்க்குத் தொற்றும் மற்றவர்க்கு இன்மையும் உடைய 1763 இணையர், ஒன்பது நாடுகளில், சென்னையும் புனேயும் உள்ளிட்ட இடங்களில், அதில் பங்கேற்றனர். 2011-இல் வெளியான முடிவின்படி புதிதாகத் தொற்றியவை 39. அவற்றுள் துணையிடமிருந்தே வந்தவை என்று நச்சுயிரியின் மரபுக்கூற்றை ஒப்பிட்டு உறுதிசெய்யப்பட்டவை 28. அந்த 28-இல், முன்கூட்டியே மருந்து தொடங்கிய இணையரிடையே நேர்ந்தது ஒன்றே ஒன்று. குருதியில் நச்சுயிரி கண்டறிய இயலா அளவுக்குத் தாழ்ந்து நிலைத்தால் உடலுறவால் பரவாது என்பது பின்னர் வேறு ஆய்வுகளாலும் நிலைபெற்றது. நண்பன் மணக்கலாம், பெண்ணிடம் சொல்லிவிட்டானா என்று கேட்டல் ஆற்றுப்படுத்துநர் கடன். எஞ்சிய 11 பற்றி மாணாக்கன் வினவலாம். அவை துணையின் நச்சுயிரியோடு பொருந்துவதாக உறுதிப்படவில்லை. மரபுக்கூறு புனைநண்பனை ஏற்பதில்லை என்பது இதனால் பெறப்படும்.

மாத்திரையோன் 2004-க்குப் பிற்பட்டவன். அவ்வாண்டு ஏப்பிரலில்தான் தாம்பரம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் கூட்டுமருந்து விலையின்றி வழங்கத் தொடங்கினர். இவன் மருந்துப்புட்டியின் தாளைக் கிழித்தெறிவான். பேருந்தில் குலுங்கி ஒலிக்காதிருக்க உள்ளே பஞ்சு திணிப்பான்.

புறனடையாகச் சில. 1097 என்னும் கட்டணமில்லா எண்ணில் முகம் தெரியாது, பெயரும் சொல்ல வேண்டுவதில்லை. அங்கும் இவன் வருகிறான். பிறர் காணாதிருக்கவே இவன் படைக்கப்பட்டான் என்பார் கூற்று இதனால் அடிபடும். அழைத்தவர் தம் வாயால் சொல்வது தம் காதில் விழாதிருக்கவும் இவன் வேண்டப்படுகிறான்.

இரட்டைப்புனைவு என்பது மிக நுண்ணியது. களப்பணியாளருள் தாமே தொற்றோடு வாழ்வோர் பலர். மருந்து தொடங்க அஞ்சும் ஒருத்தியிடம் அத்தகைய ஒருவர், "என் ஃபிரண்டு ஒருத்தி பத்து வருசமா சாப்பிடுறா. ரெண்டு புள்ளைங்க. நல்லாதான் இருக்கா" என்பார். கேட்டவள், "என் ஃபிரண்டுகிட்டச் சொல்றேன்க்கா" என்பாள். வராத இருவர் ஒருவர்க்கொருவர் ஆறுதல் கூறிக்கொள்ளும் இவ்வுரையாடலைக் குறிப்பேட்டில் எந்தப் பத்தியில் பதிவது என்பது இன்னும் முடிவாகவில்லை.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், ஒருவர் ஒப்பாமல் அவர் நிலையை வெளியிடலாகாது என்கிறது. புனைநண்பனின் கமுக்கம் குறித்து அதில் விதப்பாக ஏதும் இல்லை. அதனை உய்த்துணர்க.

இறுதியாக மெய்ந்நண்பன். உண்மையிலேயே நண்பன் பொருட்டு வந்தவர் இவ்வகைக்கு உரியர். இவரை எவரும் நம்பார். ஆற்றுப்படுத்துநர் கனிவோடு தலையசைத்து எல்லாவற்றையும் விளக்குவார். இவர் கேட்டு முடித்துக் கதவுவரை சென்று, திரும்பி, "வந்தது வந்தாச்சு மேடம், எனக்கும் ஒண்ணு எடுத்துப் பாத்துருங்களேன்" என்பார். அந்நொடியே அவர் இவ்வகையினின்றும் நீங்கி நேற்றையோனுள் அடங்குவார். ஆதலின் இவ்வகைக்கென ஒதுக்கிய பக்கம் பதிவேட்டில் இன்றளவும் எழுதப்படாமல் உள்ளது.