நாலங்குல நீலகிரி

அமெரிக்காவிலிருந்து வந்த மச்சினன் வீட்டில் எல்லாருக்கும் சாக்லேட்டும் எனக்கு மட்டும் ஒரு ரயிலும் கொண்டுவந்தான். உள்ளங்கையில் அடங்கும் மஞ்சள் நிற டீசல் எஞ்சின், நாலு பெட்டி, சுற்றிவரத் தண்டவாளம். ‘என்’ அளவு என்பார்கள்; நிஜத்தில் 160-இல் ஒரு பங்கு. இரண்டு கம்பிக்கும் நடுவே 9 மில்லிமீட்டர். ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் ரசப் பாத்திரத்தைச் சுற்றி ஓடியது. எட்டாம் நாள் எனக்கு மலை கேட்டது.

மலை ரயில் என்றால் நமக்கு ஊட்டி ரயில்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை. காகிதத்தில் வகுத்துப் பார்த்தேன். நீளம் 287 மீட்டர் வந்தது. அதைக்கூட மொட்டைமாடியில் சுற்றிச் சுற்றிப் போட்டுவிடலாம். உயரம்தான் கிட்டத்தட்ட 12 மீட்டர். தரைத்தளத்தில் எங்கள் ஹால் மேட்டுப்பாளையம் என்றால், ஊட்டி நாலாம் மாடிக்காரரின் பூஜை அறையில் வரும். அவர் செருப்பு ஸ்டாண்டை ஓரடி நகர்த்தியதற்கே அசோசியேஷனைக் கூட்டியவர். எனவே வழியில் உள்ள ஹில்குரோவ் பக்கத்தில் ஒரு துண்டு போதும் என்று முடிவு செய்தேன்.

தச்சர், “ப்ளைவுட்ல அடிச்சுத் தர்றேன் சார், நாலு தலைமுறைக்கு நிக்கும்” என்றார். “பெருக்கும்போது அதை யாரு தூக்குறது?” என்றாள் மனைவி. தலைமுறைக் கணக்கு அதோடு முடிந்தது.

சரி, தெர்மாகோல். 2017-இல் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அதை மிதக்கவிட்ட நாளிலிருந்து, தமிழ்நாட்டில் யாராலும் தெர்மாகோலைக் கௌரவமாகக் கேட்டு வாங்க முடிவதில்லை. கடைக்காரர் என்னிடம் கேட்டது: “எந்த அணைக்கு சார்?”

வாங்கிவந்து கத்தியை வைத்தேன். வெள்ளை மணிகள் கிளம்பின. தெர்மாகோல் என்பதே ஊதிய மணிகளை ஒட்டவைத்த பொருள். அறுத்தால் கூட்டணி கலைகிறது. கலைந்தவை கை, மீசை, ஃபேன் இறக்கை என்று கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டன. தயிர்சாதத்தில் எத்தனை விழுந்தனவோ தெரியாது. ஜவ்வரிசி என்று நினைத்துச் சாப்பிட்டிருப்போம்.

வழி காட்டியவர் எங்கள் மொட்டைமாடிக்கு வெயில் தடுப்பு போட வந்த மேஸ்திரி. அவரிடம் மிஞ்சிய நீல நிற ஃபோம் பலகை மூன்றை டீ செலவுக்குக் கொடுத்தார். நாலடிக்கு இரண்டடி, இரண்டங்குலக் கனம். தெர்மாகோலின் ஒன்றுவிட்ட தம்பிதான், ஆனால் மணியாக இல்லாமல் ஒரே பிழம்பாகப் பிதுக்கியெடுத்தது. கத்தி வைத்தால் பனீர் மாதிரி வெட்டுப்படும்.

இதன் அருமை கனம் குறைவு என்பதில் இல்லை. ப்ளைவுட்டில் மேலே மட்டும்தான் கட்டலாம். ஃபோமில் கீழேயும் தோண்டலாம். ஊட்டி ரயிலில் ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொள்வது மலையைப் பார்க்கவா? வயிற்றைக் கலக்கும் அந்தப் பள்ளத்தைப் பார்க்கத்தானே! அடிப்பலகையில் ஒன்றரை அங்குலம் தோண்டியதும், தண்டவாளத்துக்கு ஒரு கண்ணியம் வந்துவிட்டது.

மற்ற இரண்டு பலகைகளை மேலே அடுக்கி வெள்ளைப் பசையால் ஒட்டி, *பொன்னியின் செல்வன்* ஐந்து பாகங்களையும் பாரமாக ஏற்றினேன். எட்டு நாள் கழித்துத் தூக்கினால் மலை வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு பலகைக்கும் நடுவே காற்றுப் போக வழியில்லை. பசை ஊற்றின அன்று இருந்தபடியே ஈரமாக இருந்தது. மூங்கில் குச்சிகளைச் செருகி மலையை நிறுத்தினேன்.

அடுத்தது பச்சை ஸ்ப்ரே பெயிண்ட். அடித்ததும் சின்னதாக ஒரு சத்தம். மலைச்சரிவு கற்பூரம் போலக் குழிந்துகொண்டே போனது. பெயிண்டில் இருக்கும் கரைப்பான் இந்த ஃபோமைத் தின்றுவிடும் என்று கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெரும் நிலச்சரிவு. நிவாரணமாக மருந்துக்கடைக்குப் போய் மாவுக்கட்டுத் துணி ஆறு சுருள் கேட்டேன்.

“யாருக்கு சார் கால் உடைஞ்சுது?”

“மலைக்கு.”

அதற்குமேல் அவர் பேசவில்லை. மாவுக்கட்டை நனைத்துப் போர்த்தி, தண்ணீரில் கரைக்கும் பெயிண்டைத் தூரிகையால் பூசினேன். ஜல்லிக்கு ஆற்று மணலை டீ வடிகட்டியில் சலித்தேன். அந்த வடிகட்டி பற்றி இங்கே எழுதாமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது.

கடைசியில் ஏற்றம். நிஜத்தில் கல்லாறு – குன்னூர் ஏற்றம் மிகக் கடுமையான இடத்தில் 12-க்கு 1. என்னிடமும் நாலடி நீளத்துக்கு நாலங்குலம், அதே 12-க்கு 1. துல்லியத்தில் மெய்ம்மறந்து சுவிட்சைப் போட்டேன். எஞ்சின் ஒரு சாண் ஏறியது. பிறகு சக்கரம் மட்டும் சுற்ற, அதே இடத்தில் நின்று முனகியது. நிஜப் பாதையில் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் இருக்கிறது, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். என் அமெரிக்க எஞ்சினுக்குப் பல் கிடையாது.

நவராத்திரி வந்தது. மனைவி பலகையை ஒரு கையால் தூக்கிக் கொலுப்படிக்குக் கீழே வைத்தாள். பள்ளத்தாக்கில் கேழ்வரகு முளைவிட்டது. மலையடிவாரத்தில் ஆறங்குலச் செட்டியார் கடை பரப்பி உட்கார்ந்தார். என் அளவுப்படி அவர் உயரம் 80 அடி.

சுண்டலுக்கு வந்த எதிர்வீட்டு மாமி ரயிலைப் பார்த்தார். நான் ஆட்காட்டி விரலால் பின்னாலிருந்து அதைக் குன்னூருக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

“என்ன சார், கையால தள்றேள்?”

கல்லாறிலிருந்து குன்னூர்வரை நிஜ ரயிலிலும் எஞ்சின் பின்னால் நின்றுதான் தள்ளுகிறது, மாமி.