ஓடாமலே ஓடுகிறவர்கள்

லீட்ஸ்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? 'அங்கே போனப்புறம் உன் இங்கிலீஷ் எப்படி ஓடுது?' என்று கேட்டிருந்தீர்கள். அது நன்றாகத்தான் ஓடுகிறது மாமா. நான்தான் பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருக்கிறேன்.

எல்லாம் 'ரன்' என்கிற ஒரு சொல்லால் வந்த வினை. நமக்குத் தெரிந்த ரன் இரண்டுதான். தெருநாய் துரத்தினால் ஒன்று, சேப்பாக்கத்தில் ஒன்று. இங்கே தொட்டியில் குளிக்கத் தண்ணீர் பிடித்தால் அது குளியலை 'ரன்' செய்வது. பால் தீர்ந்துபோனால் 'ரன் அவுட்' (உடனே அம்பயரைத் தேடாதீர்கள்). பழைய சிநேகிதரை எதிர்பாராமல் பார்த்தால் 'ரன் இன்டு', அவர்மேல் காரை ஏற்றிவிட்டால் 'ரன் ஓவர்'. வால் கொஞ்சம் மாறினால் காபிக் கடைக்குப் பதில் கோர்ட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் உட்கார்ந்து இந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தம் எழுதியிருக்கிறார். 1989 பதிப்பில் 'செட்' என்ற சொல்தான் 430 அர்த்தத்தோடு முன்னால் நின்றது. அதை 'ரன்' முந்திவிட்டது. பெயருக்கேற்ற பிள்ளை!

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கே 'ரன்' என்கிறார்களோ அங்கே ஒருவரும் ஓடுவதில்லை. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது 'ஸ்கூல் ரன்'. தெருமுனைவரை கார்கள் அசையாமல் நிற்கும். ரயில் நடுவயலில் மாடுகளைப் பார்த்தபடி நின்றுகொண்டிருக்கும்போது, 'ரன்னிங் லேட்' என்று அறிவிப்பு வரும். 2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் என்ற வங்கி ஆட்டங்கண்டது. போட்ட பணத்தை எடுக்க ஜனங்கள் கிளை வாசல்களில் மணிக்கணக்கில் வரிசை கட்டி நின்றார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக இந்த நாடு அப்படியொன்றைப் பார்த்ததில்லை. அவ்வளவு பேர் நின்றதற்கும் பெயர் 'பேங்க் ரன்'தான்!

தேர்தலில் மட்டும் வெள்ளைக்காரன் நம் கட்சி. அமெரிக்காவில் வேட்பாளர் 'ஓடுகிறார்'. இங்கே நம் ஊர் மாதிரியே 'நிற்கிறார்'. நம்மவர்கள் நிற்பது ஓட்டு எண்ணும்வரைதான், ஜெயித்தபிறகு ஓடுகிறார்கள் என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது.

உங்களுக்குப் பிடித்த கிரிக்கெட்டுக்கு வருகிறேன். ஹெடிங்லி மைதானம் இந்த ஊரில்தான் இருக்கிறது. 2019 ஆஷஸில் பென் ஸ்டோக்ஸ் 135 ரன் அடித்துக் கடைசி விக்கெட்டோடு ஜெயிக்கவைத்தாரே, அந்த இடம். எதிர்முனையில் நின்ற ஜாக் லீச் எடுத்தது ஒரே ஒரு ரன். என்னைக் கேட்டால் அந்த 645-இல் ரொம்பக் கஷ்டப்பட்டுச் சம்பாதித்தது அதுதான். ஆனால் யாருக்காவது 'த ரன்ஸ்' என்று சொன்னால் கைதட்டிவிடக் கூடாது, உப்பும் சர்க்கரையும் கலந்து தண்ணீர் கொடுக்கவேண்டும். இந்த ஒரு விஷயத்தில் வயிறு எல்லா ஊரிலும் ஒரே பாஷைதான் பேசுகிறது.

போன வாரம் டாக்டரிடம் போனேன். பயப்படும்படி ஒன்றுமில்லை, வழக்கமான சோதனை. 'சர்க்கரை வியாதி உங்கள் குடும்பத்தில் ரன் ஆகிறதா?' என்று கேட்டார். பரம்பரையாக வருகிறதா என்று அர்த்தம். தாத்தா, நீங்கள், அம்மா, பெரியம்மா என்று வரிசையாகச் சொன்னேன். அப்புறம், 'எங்கள் குடும்பத்தில் அது ஒன்றுதான் சார் ஓடுகிறது, நாங்கள் யாரும் ஓடினதில்லை' என்றேன். மனுஷர் சிரித்துவிட்டு, தினமும் அரைமணி நேரம் நடக்கச்சொல்லி எழுதிக்கொடுத்தார். ஓடச் சொல்லவில்லை, அதுவரை புண்ணியம்.

மற்றபடி வண்டி ஓடுகிறது.

அன்புடன்,
உங்கள் மருமகன்

பி.கு.: அத்தை கொடுத்தனுப்பிய மாவடு ரன் அவுட். பக்கத்து வீட்டுப் பையன் அடுத்த மாதம் இங்கே படிக்க வருகிறானாமே, பெட்டியில் இடம் இருக்கிறதா என்று அவனை இப்போதே கேட்டுவையுங்கள்.