ட்ரவுட் வாய்க்கு ரப்பர் வைத்தியம்

கேள்வி (குன்னூர் வாசகர்): வாய் மென்மையான மீனுக்கு, ஓடும் படகிலிருந்து தூண்டிலை இழுத்துக்கொண்டு போகும்போது, அதிர்ச்சியைத் தாங்க நடுவில் ரப்பர் குழாய் மாட்டுகிறார்களே, பயன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் எல்லோருக்கும் இல்லை. படகு முன்னே போகிறது. இரையைக் கவ்விய மீன் பின்னே திரும்புகிறது. இரண்டு இழுப்பும் ஒரே நொடியில் முள் குத்திய இடத்தில் வந்து சேர்கின்றன. அங்கே மெல்லிய சவ்வுதான் இருந்தால் கிழிந்துவிடும். ரப்பர் நீண்டு கொடுத்து அந்த முதல் வெடுக் இழுப்பின் வேகத்தைத் தணிக்கிறது. சாலைக் குழியில் பேருந்துக்கு வில்பட்டை செய்கிற அதே வேலை. உங்கள் தூண்டில் கம்பும் நைலான் நரம்பும் ஏற்கெனவே இதைச் செய்தால், ரப்பருக்குச் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி (கோத்தகிரி வாசகர்): அப்படியானால் யாருக்குத்தான் வேண்டும்?

பதில்: விறைப்பான கம்பும் பின்னல் நூலும் வைத்திருப்பவருக்கு. பின்னல் நூல் கிட்டத்தட்ட நீளவே நீளாது. மீனின் உதறல் முழுவதும் வாயில் இறங்கும். நைலான் நரம்பு அப்படியல்ல. நூறு அடி தண்ணீரில் கிடந்தால், நல்ல இழுப்பில் பல அடி நீண்டு கொடுக்கும். மீனை ஈர்க்க முன்னால் பளபளக்கும் கனத்த தகடுகளைக் கட்டுகிறவருக்கும் ரப்பர் உதவும். தகட்டுக்குப் பின்னால், முள் இருக்கும் பக்கம் மாட்ட வேண்டும். வட அமெரிக்க ஏரிகளில் கோக்கனி என்ற சிறு சால்மனுக்கு இப்படித்தான் கட்டுகிறார்கள். அதன் வாய் அவ்வளவு மெல்லியது.

கேள்வி (ஊட்டி வாசகர்): நம் மலையின் ட்ரவுட் மீனுக்கும் அவ்வளவு மெல்லிய வாயா?

பதில்: தாடை விளிம்பு உறுதியானது. மேல்தாடைக்குப் பின்னால் உள்ள சவ்வுதான் மெல்லியது. முள் அங்கே மாட்டினால் நிதானம் வேண்டும். 1939-இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்த கண்ணாடிக் கெண்டைக்கு உதடு தடித்த சதை. அதற்கு ரப்பர் தேவையில்லை, பொறுமை போதும்.

கேள்வி (அருவங்காட்டிலிருந்து ஒரு தூத்துக்குடிக்காரர்): எங்கள் கடலில் வஞ்சரத்துக்கும் ரப்பர் கட்டலாமா?

பதில்: வஞ்சரத்தின் பல்லைப் பார்த்த நீங்களா கேட்கிறீர்கள்? அதற்கு முள்ளுக்கு மேலே கம்பி கட்டுங்கள்.

கேள்வி (வெலிங்டன் மாணவர்): ரப்பர் வாங்கக் காசில்லை. வேறு வழி?

பதில்: காசில்லாத வழிதான் முதல் வழி: ரீலின் பிரேக்கைத் தளர்த்துங்கள். ஆறு பவுண்டு நரம்பென்றால், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பு நுனியில் கட்டிக் கம்பைத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழுந்து, லேசாக உதறினால் ரீல் 'கிர்ர்' என்று நரம்பு விட வேண்டும். விடாவிட்டால் பிரேக் இறுக்கம். மீன் கடித்ததும் கம்பை வெடுக்கென்று இழுக்காதீர்கள். படகின் ஓட்டமே முள்ளை ஏற்றிவிடும். முள் மட்டும் நகத்தில் வைத்தால் வழுக்காத கூர்மையோடு இருக்கட்டும்.

கேள்வி (கூடலூர் வாசகர்): ரப்பரால் கெடுதல் ஏதும் உண்டா?

பதில்: உண்டு. மழுங்கிய முள்ளோடு ரப்பரும் சேர்ந்தால் முள் ஏறவே ஏறாது. வெயில் பட்ட ரப்பர் வெடிக்கும். உள்ளே நூல் ஓடாத குழாய் அறுந்தால் மீன் முள்ளோடும் ரப்பரோடும் போய்விடும். அது அந்த மீனுக்குச் செய்யும் கொடுமை. உள்ளே நூல் ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். விரிசல் கண்டால் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி (குந்தா வாசகி): அந்நிய மீனின் வாய்க்கு இவ்வளவு கரிசனமா?

பதில்: ட்ரவுட் நம் ஓடைகளில் பிறந்ததல்ல, உண்மைதான். 1860-களில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே கொண்டுவர முயன்று தோற்றார். பிறகு மீன் வளர்ப்பு வல்லுநர் எச்.சி. வில்சன் காலத்தில், 1907-இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைந்தது. வானவில் ட்ரவுட் நிலைத்தது. யார் கொண்டுவந்தாலும் வாய் கிழிந்தால் வலி மீனுக்குத்தான். கிழிந்த வாயோடு தப்பிய மீன் யாருக்கும் உணவாகாது. இரை பிடிக்கவும் திணறும்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்ற வாசகர்): எமரால்டிலோ அவலாஞ்சியிலோ படகு இறக்கி இதையெல்லாம் சோதிக்கலாமா?

பதில்: கேட்காமல் இறக்காதீர்கள். அவை குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகள், சுற்றிலும் காடு. மீன்வளத் துறை, வனத் துறை, மின்வாரியம் மூன்றிடமும் விசாரித்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் நினைப்பே வேண்டாம். அனுமதி கிடைத்தால் கரையில் நின்றே ஸ்பின்னர் என்ற சுழலும் தகட்டு இரையை வீசுங்கள். பிரேக், கம்பு, நரம்பு பற்றிச் சொன்னது அங்கேயும் அப்படியே பொருந்தும். முதலில் பிரேக்கைத் தளர்த்துங்கள், அடுத்து வளையும் கம்பு, பிறகு நைலான் நரம்பு. இந்த மூன்றுக்குப் பிறகும் வாய் கிழிகிறதென்றால் மட்டும் ரப்பர் வாங்குங்கள்.