விற்றவனுக்குப் பொறுப்பில்லையா?

கேள்வி: ஆயுத விற்பனையைக் கட்டுப்படுத்த உலக ஒப்பந்தமே இருக்கிறதாமே! பிறகு ஏன் ஏமன் குழந்தைகள் தலையில் குண்டு விழுந்தது?

பதில்: ஒப்பந்தம் இருக்கிறது, காவல்காரன்தான் இல்லை! 2013-இல் ஐ.நா. பொதுச்சபையில் 154 நாடுகள் ஆதரித்து நிறைவேறியது. போர்க்குற்றத்துக்குப் பயன்படும் என்று தெரிந்தால் ஆயுதத்தை விற்கவே கூடாது என்கிறது. நல்ல விதி. ஆனால், அந்த ஆபத்தை எடைபோடுவது விற்கிற அரசேதான். தராசு வியாபாரி கையில்!

2018 ஆகஸ்டில் ஏமனின் சாதா மாகாணத்தில், சுற்றுலா கிளம்பிய பிள்ளைகளின் பஸ் மீது அங்கே போரில் இறங்கியிருந்த சவுதி தலைமையிலான கூட்டணியின் விமானம் குண்டு போட்டது. 40 குழந்தைகள் மாண்டார்கள். குண்டுச் சிதறலில் இருந்த எண்களை வைத்து அது அமெரிக்கத் தயாரிப்பு என்று நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள். அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி, உறுதிசெய்யவே இல்லை.

உறுதிசெய்த பிரிட்டன் என்ன செய்தது? ஏமனில் சவுதியின் பழைய அத்துமீறல்களைப் பரிசீலிக்காமல் ஆயுத விற்பனைக்கு உரிமம் கொடுத்தது சட்டவிரோதம் என்று 2019 ஜூனில் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே, நடந்தவையெல்லாம் ‘தனித்தனிச் சம்பவங்கள்’ என்று சொல்லி அரசு மறுபடி கடையைத் திறந்துவிட்டது. எத்தனை தனித்தனிச் சம்பவம் சேர்ந்தால் ஒரு குற்றமாகும்? இதைக் கேட்காமல் எனக்கு மனசு ஆறவில்லை.

அரசுகள் மழுப்பிய அதே 2019-இல், இத்தாலியின் ஜெனோவா துறைமுகத் தொழிலாளர்கள் சவுதிக் கப்பலில் ராணுவச் சரக்கை ஏற்ற மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒப்பந்தத்தின் வரிகளைப் படித்திருப்பார்களோ என்னவோ, அதை அமல்படுத்தியவர்கள் அவர்கள்தான்.